எதிர்வீட்டுச் சாவி: நவஹோ நாட்டில் ஐந்து நாட்கள்

ஆகஸ்டு 8, வியாழன்: பீனிக்ஸிலிருந்து சின்லிக்கு

எங்கள் எதிர்வீட்டுச் சாவி பதினோரு மாதமாக என்னிடம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் சென்ற செப்டம்பரில் ஆளுக்கு ஒரு பெட்டியுடன் கிளம்பிப் போனார்கள். தபாலை எடுத்து வைப்பதும் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் என் பொறுப்பு. பெரியவருக்கு 72 வயது. நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். மனைவிக்கு 70, தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் அவரை ‘அம்மா’ என்றே அழைப்பேன். பத்து வருடப் பழக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்.

இருவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மார்மன் என்றால் பலருக்குப் புரியும். வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடந்து வரும் அந்தச் சபை இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தம்பதிகளும் அதேபோல் ஊழியத்துக்குப் போவார்கள் என்பது இவர்கள் கிளம்பியபோதுதான் தெரிந்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை போகலாம். வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. இவர்களுக்கு அமைந்த இடம் வடகிழக்கு அரிசோனாவில், நவஹோப் பழங்குடியினரின் நாட்டில் இருக்கும் சின்லி. பதினெட்டு மாதம்.

ஒரு முறை வந்து பாருங்கள் என்று அம்மா மூன்று கடிதம் எழுதிவிட்டார். மகளுக்கு விடுமுறை கிடைத்ததும் நான், கணவர், மகள் மூவரும் காரில் கிளம்பினோம். காலையில் பீனிக்ஸில் 43 டிகிரி வெயில். பேய்சன் வழியாக மலையேறி, ஹோல்புரூக்கில் நெடுஞ்சாலையைப் பிடித்து, சேம்பர்ஸில் வடக்கே திரும்பியதும் காற்றே மாறிவிட்டது. சிவப்பு மண், குட்டைச் செடிகள், தலைக்கு மேல் மலைமலையாக வெள்ளை மேகம். சாலையில் குதிரைகள் தம்பாட்டுக்கு நிற்கின்றன. ஹாரன் அடித்தாலும் நகர்வதில்லை.

நவஹோ நாடு என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. அந்தப் பழங்குடியினருக்கென்று தலைவர், மன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் உண்டு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கும் 27,000 சதுர மைல், அதாவது இலங்கையைவிடச் சற்றுப் பெரிய நிலம். அதில் வசிப்பவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்று பொருள்.

ஆறு மணிக்கு இரவு உணவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டினோம். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு ஆகப் போகிறது! அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. நவஹோ நாட்டில் உண்டு. நவஹோ நாட்டுக்கு நடுவே இருக்கும் ஹோப்பி மக்களின் நிலத்தில் மறுபடியும் இல்லை. மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கைபேசி மூன்று முறை மனம் மாறும் என்றார் பெரியவர். அம்மா சோறும் பீன்ஸும் கோழியும் செய்து அடுப்பிலேயே மூடி வைத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் தட்டை எடுத்தார்கள். பசியோடு ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களின் முகத்தில் அதற்கான குறிப்பே இல்லை.

விடுதி அறைக்கு இரவுக்கு 149 டாலர். குளியலறைக் குழாயில் வெந்நீர் வரப் பத்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். அதை நாளை இரவு நினைத்து வருந்துவேன் என்று இன்று தெரியவில்லை.

ஆகஸ்டு 9, வெள்ளி: தண்ணீர் கொண்டு போன நாள்

அச்சபையார் காபி, தேநீர் அருந்துவதில்லை. அதிகாலையில் பெட்ரோல் நிலையத்தில் இரண்டு டாலருக்கு ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு, எட்டு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். எங்கள் கடிகாரப்படி ஏழு.

பெரியவரின் பிக்கப் வண்டியின் பின்னால் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மூன்று. ஒவ்வொன்றும் 55 காலன், கிட்டத்தட்ட 208 லிட்டர். ஊர்ப் பொதுக் குழாயடியில் எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள். வரிசையில் சத்தமும் இல்லை, முந்துதலும் இல்லை. முன்னால் நின்ற முதியவர் ஒருவர் பீப்பாயை நிரப்பி முடித்ததும், குழாயின் வாயைக் கீழே போடாமல் அடுத்தவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தவர் தன் முறை முடிந்ததும் அப்படியே கொடுத்தார். குழாய் எங்கள் கைக்கு வரும்வரை அதன் வாய் மண்ணில் படவே இல்லை.

இங்கே பத்து வீடுகளில் மூன்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அமெரிக்கர் ஒருவர் நாளொன்றுக்கு 80 முதல் 100 காலன் தண்ணீர் செலவழிக்கிறார்; நவஹோ நாட்டில் சராசரி 7 காலன். 26 லிட்டர். இந்த நிலம் உங்களுக்கே என்று 1868-இல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த அரசு, அதற்குத் தண்ணீருக்கான வழியையும் செய்ய வேண்டும் என்று வழக்காடினார்கள். அப்படிக் கடமை எதுவும் இல்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பெரியவர் இதைச் சொல்லும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நாற்பது வருடம் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டு போனேன். இதெல்லாம் முடியாத வேலை இல்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தார்ச்சாலை முடிந்து, அலையலையாக மேடுபள்ளம் விழுந்த மண் பாதையில் ஒன்பது மைல். எட்டுப் பக்கம் கொண்ட மரக்கட்டை வீடு ஒன்று; கூரை நடுவிலிருந்து அடுப்புப் புகைக்குழாய் எழுந்து நிற்கிறது. இதுதான் ஹோகன். வாசல் எப்போதும் கிழக்கு நோக்கி இருக்கும். பக்கத்தில் ஆட்டுப்பட்டி, மூன்று நாய்கள், ஒரு சூரிய மின்தகடு.

வண்டியை நிறுத்திய பெரியவர் இறங்கவில்லை. அம்மாவும் இறங்கவில்லை. மகள் கதவில் கை வைத்ததும் அம்மா மெல்லத் தடுத்தார். வந்தவர்கள் கதவைத் தட்டக் கூடாது. வண்டியில் இருக்க வேண்டும். வீட்டார் பார்ப்பார்கள். விருப்பம் இருந்தால், வசதி இருந்தால், வெளியே வருவார்கள். பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். வந்த புதிதில் பெரியவர் தட்டிவிட்டாராம். ஆறு வாரம் அந்த வீட்டில் யாரும் இல்லாதது போலவே இருந்ததாம்.

பாட்டி வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிய வயது, வெல்வெட் மேல்சட்டை, கழுத்தில் நீலக்கல் மாலை, காலில் விளையாட்டுக் காலணி. கை குலுக்குவது என்றால் விரல் நுனி தொடுவதுதான். இறுக்கிப் பிடித்தால் முரட்டுத்தனம். கண்ணை உற்றுப் பார்ப்பதும் கூடாது. அம்மா அவரை ‘ஷிமாசானி’ என்று அழைத்தார். ஷிமா என்றால் என் தாய். சானி என்றால் முதியவர். நம் ஊரில் அம்மாவின் அம்மாவை அம்மாச்சி என்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அந்தச் சொல்! தாத்தாவுக்கு வேறு, அப்பாவின் அம்மாவுக்கு வேறு, மூத்த சகோதரிக்கு வேறு என்று ஒவ்வொருவருக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

ட்சைலியில் இருக்கும் தினே கல்லூரியில் படிக்கும் பேத்திதான் மொழிபெயர்த்தாள். 1968-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் ஒரு பழங்குடி தானே நடத்திய முதல் கல்லூரி என்று பெருமையாகச் சொன்னாள். தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம் இது: தாயின் குலம் கசப்பு நீர், அந்தக் குலத்தில் அவள் பிறந்தாள். தந்தையின் குலத்துக்காகப் பிறந்தாள். பிறகு தாயின் தந்தை குலம், தந்தையின் தந்தை குலம். நான்கையும் சொன்ன பிறகுதான் பெயர். தாய் குலத்திலும் தந்தை குலத்திலும் பெண் எடுக்க மாட்டார்கள். எங்களுக்குத் தந்தைவழிதான் கணக்கு, ஆனால் தாய்மாமன் வராமல் ஒரு சடங்கும் தொடங்காது என்று சொன்னேன். பாட்டிக்கு அதை மொழிபெயர்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இங்கேயும் பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பது அம்மாவின் சகோதரர்தானாம்.

பெரியவரும் என் கணவரும் ரப்பர்க் குழாய் வைத்து வீட்டுப் பீப்பாய்க்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அரை மைல் தூரத்தில் ஒரு காற்றாலைக் கிணறு தெரிந்தது. அது ஏன் ஆகாது என்று கேட்டேன். பேத்தி கையை நீட்டவில்லை. உதட்டைக் குவித்து மலைப்பக்கம் காட்டினாள். 1944 முதல் 1986 வரை இந்த நாட்டில் யுரேனியம் தோண்டினார்கள். மூடாமல் விட்டுப்போன சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். பல கிணறுகளில் யுரேனியமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கின்றன. பாட்டியின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’ என்றார்களே தவிரப் பெயர் சொல்லவில்லை. இறந்தவரின் பெயரை இங்கே வாயால் சொல்வதில்லை.

சாப்பிடத் தோஷ்சீன் கொடுத்தார் பாட்டி. நீலச் சோளமாவைக் கொதிநீரில் கிளறிச் செய்வது. ஜூனிப்பர் கிளையை எரித்து, சலித்த சாம்பலைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். நிறம் இன்னும் நீலமாகும்; சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பாட்டி கிளறப் பயன்படுத்தியது ஒரு பிடிக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய துடுப்பு. கட்டி தட்டாமல், சட்டியின் ஓரத்தை வழித்து வழித்து நடுவுக்குக் கொண்டு வந்தார். என் ஆச்சி கேழ்வரகுக் களி கிண்டும்போது இப்படித்தான் இரண்டு காலுக்கு நடுவே பானையை வைத்துக்கொள்வார். வாயில் வைத்தால் இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. வறுத்த தானியத்தின் மணம் மட்டும். மகள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

பாட்டி அவளுடைய பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரச் சொல்லி, பின்னலைப் பிடித்து முகர்ந்தார். தேங்காய் எண்ணெய் என்று சொன்னேன். பிறகு விறைப்பான புல் தண்டுகளைக் கட்டிச் செய்த ஒரு சீவுகோலை எடுத்தார். அதன் ஒரு முனை தலை வார. மறுமுனை அம்மிக் கல்லிலிருந்து மாவைக் கூட்டி எடுக்க. பின்னலை அவிழ்த்து, உச்சியிலிருந்து நுனிவரை அவசரமே இல்லாமல் வாரினார். கூந்தலை மடித்து மடித்துக் கட்டாக்கி, நடுவில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றி இறுக்கினார். ட்சீயேல் என்பார்கள் இந்தக் கொண்டையை. நினைவும் எண்ணமும் கூந்தலில் தங்கியிருக்கும் என்பது எங்கள் வழக்கு என்றாள் பேத்தி.

அம்மாவுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அவர் எப்போதோ எழுந்து வெளியே போயிருந்தார். பீப்பாய்க் குழாயில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

ஆகஸ்டு 10, சனி: பள்ளத்தாக்கும் சேறும்

காலையில் கேன்யன் டி ஷே. ஊரை ஒட்டியே பூமி பிளந்து கிடக்கிறது. சிலந்திப் பாறை என்னும் இரட்டைத் தூண் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து எழுநூறு அடிக்கு மேல் தனித்து எழுந்து நிற்கிறது. நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் இருக்கிறாள் என்பது கதை. கீழே ஆற்றுப் படுகையை ஒட்டி இன்றும் சோளம் பயிராகிறது.

மேலிருந்து பார்க்கும்போது பச்சைப் புள்ளிகள் சில தெரிந்தன. பீச் மரங்களா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் அங்கே மாலை விற்றுக்கொண்டிருந்த பெண். 1864-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை இந்த மக்களைப் பணியவைக்க ஆட்டையும் சோளத்தையும் அழித்தது; அந்தக் கோடையில் பள்ளத்தாக்கின் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியால் சரணடைந்தவர்களை முந்நூறு மைலுக்கு மேல் நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ வரை நடத்திக் கொண்டுபோனார்கள். நான்கு வருடம் அங்கே அடைபட்டுக் கிடந்து, பசியிலும் நோயிலும் பலரைப் பறிகொடுத்த பிறகு, 1868 ஜூன் 1 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தார்கள். சொந்த மண்ணுக்கு ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்த பழங்குடிகள் அமெரிக்காவில் மிகக் குறைவு. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை. “நாங்கள் திரும்பி வந்தோம்” என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

மதியம் சாலையோரக் கடையில் சுட்ட ஆட்டிறைச்சி, பச்சை மிளகாய், பொரித்த ரொட்டி, 14 டாலர். ரொட்டி நம் சோளாப் பூரி போலப் பொங்கி, தட்டைவிடப் பெரிதாக இருந்தது. அந்தச் சிறைமுகாமில் ரேஷனாகக் கொடுத்த கோதுமை மாவையும் கொழுப்பையும் வைத்துப் பிறந்த பண்டம் இது. விழாவிலும் துக்கத்திலும் இதுதான் என்றாலும், இதைச் சாப்பிட்டுத்தான் சர்க்கரை நோய் வந்தது என்று சொல்லும் நவஹோக்களும் உண்டு. மகளுக்குப் பிக்கடில்லி வேண்டும்: துருவிய ஐஸ், சாயச் சர்பத், அதன்மேல் நறுக்கிய ஊறுகாய் வெள்ளரிக்காய், 5 டாலர். நெல்லிக்காயை உப்பில் தோய்த்துத் தின்று வளர்ந்த எனக்குப் பிடித்திருந்தது. கணவர் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. இடியோடு அடித்துப் பெய்யும் மழையை ஆண் மழை என்கிறார்கள்; மெல்லப் பொழிந்து மண்ணுக்குள் இறங்குவது பெண் மழை. இது ஆண் மழை. முதியவர் ஒருவரின் வீட்டுக்குக் குளிர்காலத்துக்கான விறகை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பத்தே நிமிடத்தில் பாதை குழைந்த களிமண் ஆகிவிட்டது. வண்டியின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. பெரியவர் மண்வெட்டியோடு இறங்கினார். 72 வயதில் முழங்கால் சேற்றில் நின்று வெட்டினார். கணவர் கிளைகளை ஒடித்துச் சக்கரத்தின் கீழே போட்டார். அம்மா வண்டிக்குள் மகளுக்கு நவஹோ எண்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம்.

எதிரே வந்த பழைய லாரியிலிருந்து ஓர் இளைஞர் இறங்கினார். எதுவும் கேட்கவில்லை. சங்கிலியைக் கட்டினார், இழுத்தார், வண்டி வெளியே வந்தது. கணவர் இருபது டாலரை நீட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. விறகு யாருக்கு என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், அவர் எனக்குத் தாத்தா முறை என்று சொல்லி, பாதி விறகைத் தன் லாரிக்கு மாற்றிக்கொண்டு முன்னால் போனார்.

ஆகஸ்டு 11, ஞாயிறு: சிறு குவளையில் தண்ணீர்

நாங்கள் அந்தச் சபையினர் அல்ல, கிறிஸ்தவர்களும் அல்ல. ஆனாலும் அவர்களோடு ஆராதனைக்குப் போனோம். நாற்பது பேர் இருக்கலாம். பாதிக்கு மேல் பெண்கள், மடியில் குழந்தைகள். ஒரு பாட்டை நவஹோ மொழியில் பாடினார்கள். அம்மாதான் பியானோ. முதியவர் ஒருவர் நவஹோவில் நீண்ட ஜெபம் செய்தார். மூச்சு அடைத்து அடைத்து விடுபடும் அந்த மொழியின் ஓசை, வெறும் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

திருவிருந்துக்கு இந்தச் சபையில் திராட்சை ரசம் இல்லை. ரொட்டித் துண்டும் தண்ணீரும். ஒரு மிடறு கொள்ளும் சிறு குவளைகளைத் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை குழாயடியில் நின்றவர்களில் மூன்று பேரை அந்த வரிசையில் அடையாளம் கண்டேன்.

இம்மண்ணில் ஊழியம் என்பது இவர்களோடு தொடங்கியது அல்ல. செயின்ட் மைக்கேல்ஸில் கத்தோலிக்கத் துறவியர் 1898-இல் வந்தார்கள். பிறகு அவர்களோடு வந்து சேர்ந்த பெரார்ட் ஹெய்ல் நவஹோ மொழியைக் கற்று அகராதி செய்தார். கனாடோவில் பிரஸ்பிட்டேரியன் சபை 1901-இல் வந்தது. நவஹோ மொழியில் புதிய ஏற்பாடு 1956-இலும் முழு வேதாகமம் 1985-இலும் அச்சாயின. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவள் நான். அகராதியும் அச்சும் பள்ளியும் எப்படி ஊழியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தன என்று எனக்குத் தெரியும். கூடவே எதைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள் என்பதும் தெரியும்.

மாலையில் பெரியவர் தூங்கிவிட்டார். நவஹோத் தேநீர் போட்டார் அம்மா. இது காட்டுச் செடி. தேயிலை அல்ல என்பதால் அவர்களும் குடிக்கிறார்கள். மடித்துக் கட்டிய ஒரு கட்டுச் செடியைக் கொதிக்கவிட்டால் பொன்னிறமாக இறங்குகிறது. வாசற்படியில் உட்கார்ந்து குடித்தோம். வெள்ளிக்கிழமை நான் கேட்காததற்கு அவராகவே பதில் சொன்னார்.

இந்தச் சபை 1954 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு திட்டம் நடத்தியது. பழங்குடிப் பிள்ளைகள், பெரும்பாலும் நவஹோக்கள், பள்ளி மாதங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டில் தங்கிப் படிப்பார்கள். கோடையில் ஊருக்குத் திரும்புவார்கள். அதனால் படித்து முன்னுக்கு வந்தோம் என்பவர்களும் இருக்கிறார்கள். மொழியையும் தாயையும் இழந்தோம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

1964-இல் அம்மாவுக்குப் பத்து வயது. யூட்டாவில் அவர்கள் வீட்டுக்கு அதே வயதில் ஒரு நவஹோச் சிறுமி வந்தாள். முதுகு முழுவதும் மறைக்கும் கூந்தல். பேன் இருக்கும் என்று, வந்த அன்று மாலையே அம்மாவின் தாய் அவளைப் புழக்கடையில் உட்காரவைத்துக் காதுவரை வெட்டிவிட்டார். “என் தாய் கெட்டவர் இல்லை. அவளுக்கு எனக்கு எடுத்த அதே துணியில் கவுன் தைத்தார்” என்றார் அம்மா. “கீழே விழுந்த முடியைக் கூட்டி எடுக்கச் சொன்னது என்னிடம்தான். நான் கூட்டினேன். குப்பையில் போட்டேன். அவள் மூன்று நாள் பேசவில்லை.”

இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தார்கள். மூன்றாவது செப்டம்பரில் அவள் வரவில்லை. கடிதமும் இல்லை.

ஊழியத்துக்கு மனுப் போட்டபோது எங்கே அனுப்பினாலும் போகிறோம், நவஹோ நாடு என்றால் நன்றி என்று எழுதினாராம். கையில் இருந்தது ஒரு பெயரும் ஒரு குலமும். குலத்தைச் சொன்னதும் வழி திறந்தது. ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவள் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் கொண்டு போகும் பாட்டி அவளுடைய அக்கா.

“அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“முதல் மாதமே சொன்னேன். பேத்தி மொழிபெயர்த்தாள். முடி வெட்டியதையும் சொன்னேன். பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், பீப்பாயில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார்.”

அன்றிலிருந்து வாரம் தவறியதில்லை. இவ்வளவு பேசியும் அந்தத் தோழியின் பெயரை அம்மா ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டு 12, திங்கள்: திரும்பும் வழி

கிளம்பும் முன் பாட்டி வீட்டுக்கு ஒரு நடை போனோம். என் பையில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொடுக்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். இம்முறை யாரும் சொல்லாமலே அவள் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தாள். எட்டு நிமிடம்.

பேத்தி கல்லூரிக்குப் போய்விட்டாள். பாட்டி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்து, மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கினார். நீளமாக, இறங்கிய குரலில், நடுநடுவே நிறுத்தி. அம்மா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும் “அஹெஹே” என்று நன்றி சொன்னார்.

“என்ன சொன்னார்?” என்று வண்டியில் கேட்டேன்.

“ஒரு சொல்தான் பிடிபட்டது. தோ. தண்ணீர்.” சற்று நேரம் கழித்து, “மற்றதை நான் படிக்க வேண்டும்” என்றார். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது அவர்களுக்கு.

வழியில் கனாடோவில் இறங்கினோம். ஹபெல் வாணிபக் கடையின் மரத்தரை ஒவ்வோர் அடிக்கும் முனகுகிறது. 1878-இல் ஹபெல் வாங்கிய கடை. சிவப்பும் கறுப்பும் சாம்பலுமாகக் கம்பளங்கள். சிறிய ஒன்றுக்கு 400 டாலர் கேட்டார்கள். மாதக்கணக்கில் ஒரு பெண் தறியின் முன்னால் உட்கார்ந்த கூலி அது. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, வாங்கவும் வசதியில்லை. இரண்டு கட்டு நவஹோத் தேநீர் மட்டும், பத்து டாலர்.

எதிரே பழைய மிஷன் வளாகம், பெரிய மரங்கள். 1927-இல் கிளாரன்ஸ் சால்ஸ்பரி என்ற மருத்துவரும் செவிலியரான அவர் மனைவி கோராவும் சீனாவில் ஊழியம் செய்துவிட்டு இங்கே வந்தார்கள். மரணம் நிகழ்ந்த வீட்டுக்குள் நவஹோக்கள் நுழைய மாட்டார்கள். மருத்துவமனை என்பதோ மரணம் நிகழும் வீடு. அந்த அச்சத்தோடு மல்லாடித்தான் 1930-இல் சேஜ் நினைவு மருத்துவமனையைத் திறந்தார்கள். கூடவே பழங்குடிப் பெண்களுக்கான செவிலியர் பள்ளி. முதல் அணியில் தேறியவர்கள் இருவர், 1933-இல். தம் மொழியில் பேசும் செவிலியர் கட்டிலருகே நின்றபோதுதான் பலர் உள்ளே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் கூடி, சத்தமில்லாமல் தூறியது. “பெண் மழை” என்றாள் மகள்.

சேம்பர்ஸ் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போனது. வீடு சேர இருட்டிவிட்டது. பீனிக்ஸில் அந்நேரத்திலும் 38 டிகிரி. எதிர்வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து நாளில் ரோஜாச் செடிகள் வாடிப்போயிருந்தன. ரப்பர்க் குழாயைத் திறந்து ஒவ்வொரு வேராக விட்டேன். முடிந்ததும் குழாயைக் கீழே போடப் போனவள், அதன் வாயை மண்ணில் படாமல் சுவர் ஆணியில் மாட்டினேன். உள்ளே மகள் வெள்ளை நூல் சுற்றிய கொண்டையோடு, தலையணையில் ஒருக்களித்துத் தூங்கியிருந்தாள். மூன்று நாளாக அவிழ்க்க விடவில்லை.